ஒரே நம்பர், வேற மருந்து

கொழும்பில இருந்துகொண்டு வெடிமருந்தைப் பற்றி எழுதுறது கொஞ்சம் சங்கடமான வேலை. எங்கட வயதுக்காரருக்கு அந்தச் சொல்லோட முதலில வாற ஞாபகம் செக்பொயின்ற். இரண்டாவது, தீபாவளிக்கு வெள்ளவத்தை ஒழுங்கைகளில் கொளுத்துற சீனவெடி. இந்தக் கட்டுரைக்கு இரண்டாவதுதான் உதவும். ஒரே பெட்டி, ஒரே திரி. ஒண்டு காதைப் பிளக்கும், அடுத்தது புஸ் எண்டு அடங்கிப் போகும். வெடியில இது சிரிப்புக்குரிய விசயம். துவக்கில இது கண்ணையும் விரலையும் கேட்கிற விசயம்.

ஒரே பெயரோடு வந்த மருந்து ஏன் ஒவ்வொரு தடவையும் வேறு வேகத்தில் எரிகிறது? இந்தக் கேள்விக்குப் பின்னால் ஓடியவர்களின் கதை பழையது. அதில் எங்கட பக்கத்து ஊர்களும் வருகின்றன.

கரும்வெடிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி என்ற மூன்றின் கலவை. பெயர் ஒன்றானாலும் மரம் மாறினால் கரி மாறும், ஊர் மாறினால் உப்பின் சுத்தம் மாறும், மழை மாதிரி நாளில் ஈரம் ஏறும். ஆகவே வாங்கினவர் எல்லாரும் சோதித்துத்தான் வாங்கினார்கள். 1686இல் பிரான்சில் இதற்கு ஒரு சட்டமே வந்தது: ஒரு சிறு பீரங்கியில் 3 அவுன்ஸ் மருந்தைப் போட்டு 60 இறாத்தல் குண்டைச் சுட வேண்டும், குண்டு 50 துவாஸ், அதாவது நூறு மீற்றருக்குக் கொஞ்சம் குறைய, போய் விழாவிட்டால் அந்த மருந்தை அரசு ஏற்காது. முரட்டுச் சோதனைதான். ஆனாலும் பீப்பாயில் எழுதியிருக்கிற பெயரை நம்பாதே, உள்ளே இருப்பதைச் சுட்டுப் பார் என்ற புத்தி அதில் இருக்கிறது.

இதைக் கணக்காக்கியவர் பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதக்காரர். தொங்கவிட்ட மரக்கட்டைக்குள் குண்டைச் சுட்டு, கட்டை எவ்வளவு ஆடுது என்று அளந்து, குண்டின் வேகத்தைக் கண்டுபிடிக்கிற முறையை 1742இல் வெளியிட்டார். அதுக்குப் பிறகு 'நல்ல மருந்து', 'வலுவான மருந்து' என்ற பேச்சுக்குப் பதிலாக ஒரு எண் கிடைத்தது. மனுசன் பிறகு கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கோட்டை திருத்த வந்து, 1751இல் கடலூருக்குப் பக்கத்தில் செயின்ற் டேவிட் கோட்டையில் காலமானார். பீரங்கி அறிவியலின் தகப்பன் என்று பாடப்புத்தகங்கள் சொல்லுற ஆள் முடிந்துபோனது தமிழ்க் கரையில். இதை ஏன் யாரும் பள்ளிக்கூடத்தில எங்களுக்குச் சொல்லேல்ல?

அதே கரையில் இன்னும் வடக்கே பழவேற்காடு. அங்கே கெல்ட்ரியா கோட்டையில் ஒல்லாந்துக் கம்பனிக்கு 17ஆம் நூற்றாண்டில் ஒரு வெடிமருந்து ஆலை இருந்தது. ஆசியாவில் இருந்த கம்பனித் தளங்கள் பலதுக்கும் அங்கிருந்து மருந்து போனது. 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்ததும் அதே கம்பனிதான். கொட்டாஞ்சேனைப் பக்கம் வொல்வெண்டால் தேவாலயத்துக்கு முன்னால் நிற்கிறபோது எங்களுக்கு ஒல்லாந்தர் என்றால் கல்லும் கல்லறையும்தான் தெரியுது. அந்தக் கல்லைக் காத்த மருந்தைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறதில்லை.

உள்நாட்டிலும் மருந்து செய்தார்கள். 1816 முதல் 1820 வரை இங்கே இராணுவ வைத்தியராக இருந்த ஜோன் டேவி, வேதியியல்காரர் ஹம்ப்ரி டேவியின் தம்பி, தும்பறைப் பக்கத்துக் குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்டதை 1821இல் வெளியான தன் புத்தகத்தில் விபரமாக எழுதினார். ஒவ்வொரு குகை மண்ணையும் தனித்தனியாகப் பகுத்துப் பார்த்திருக்கிறார். உப்பின் அளவு இடத்துக்கு இடம் மாறுது. மூலப்பொருளிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், அதில் செய்த மருந்து எப்படி ஒரே மாதிரி எரியும்?

இதுக்கிடையில் பிரித்தானியர் தங்கட தலைவலியைத் தீர்க்க ஆலைகளையே வாங்கினார்கள். தனியார் கொடுத்த மருந்தின் தரத்தை நம்ப முடியவில்லை. 1759இல் பாவர்ஷம், 1787இல் வோல்தம் அபி அரசுக்கு வந்தன. வேதியியல் தெரிந்த ஆயர் ரிச்சர்ட் வொட்சன் சொன்ன யோசனையின்படி, கரியை மண்குழியில் சுடாமல் மூடிய இரும்பு உருளைக்குள் சுட்டுப் பார்த்தார்கள். மருந்து முன்னையதை விட வலுவாக வந்தது. நல்ல செய்திதானே என்று நினைப்பீர்கள். ஆனால் பழைய மருந்தின் அளவையே புது மருந்துக்கும் போட்டால் பீரங்கிக்குத் தாங்காத அழுத்தம் வரும். ஆகவே போடுற அளவைக் குறைக்க வேண்டி வந்தது, புதியதையும் பழையதையும் பிரித்து அடையாளம் போட வேண்டியும் வந்தது. 1796 பெப்ரவரியில் கொழும்புக் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியரிடம் போனதை நாங்கள் கொடி மாறின கதையாகத்தான் படிக்கிறோம். கோட்டை கைமாறினால் மருந்துக் கிடங்கும் கைமாறும். வேற்றுப் படையின் பீப்பாயைத் திறக்கிற கோலந்தாசுக்குக் கொடியை விட முக்கியமான கேள்வி இந்த மருந்து எப்படி எரியும் என்பதுதான்.

1884இல் போல் வியெய் என்ற பிரெஞ்சுக்காரர் புகையில்லாத மருந்தைச் செய்தார். பருத்தி நாரை நைற்றிக் அமிலத்தால் மாற்றிச் செய்த பொருள் அது. இங்கே விளையாட்டு இன்னும் நுணுக்கமானது. அழுத்தம் கூடினால் மருந்து வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். மூடின அறைக்குள் இந்த இரண்டும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். அதனால் சிறு வித்தியாசமும் பெருகும். மணியின் அளவு, நடுவில் போட்ட ஓட்டையின் விட்டம், மேல்பூச்சின் தடிப்பு, உலர்ந்த பிறகும் உள்ளே மிஞ்சின ஈரம்: இவ்வளவும் எரிவேகத்தை மாற்றும். மருந்து சூடேறியிருந்தாலும் மாறும். மத்தியான வெயிலில் கிடந்த தோட்டாவும் ஐரோப்பியக் குளிரில் கிடந்த தோட்டாவும் ஒரே அழுத்தம் தராது.

இராணுவங்கள் இதைச் சமாளித்த விதம் எளிமையானது. ஆலையில் ஒரு தொகுதியாகச் செய்த மருந்துக்கு ஒரு லொட் நம்பர். ஒவ்வொரு லொட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, அழுத்தம் அளக்கிற குழாயில் சுட்டு, இந்த லொட்டுக்கு இவ்வளவு நிறைதான் என்று முடிவு செய்வார்கள். அடுத்த லொட் கொஞ்சம் வேகமாக எரிந்தால் நிறையைக் குறைப்பார்கள். நீலகிரியில் 1903இல் தொடங்கின அருவங்காட்டுக் கோர்டைற் ஆலை போன்ற இடங்கள் இந்த ஒழுங்குக்குள் வேலை செய்தவைதான். ஆக, லொட்டுக்கு லொட் மருந்து மாறுவது படைக்குப் பிரச்சினையே இல்லை, அளக்கிற கருவியும் பதிவேடும் பக்கத்தில் இருக்கும் வரைக்கும்.

பிரச்சினை மருந்து பதிவேட்டை விட்டுப் பிரியிறபோது. இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்க அரசிடம் மருந்து மலையாகக் குவிந்து கிடந்தது. அங்கே சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் திரும்ப நிரப்புற பழக்கம் வேட்டைக்காரரிடம் உண்டு. கன்சாசைச் சேர்ந்த புரூஸ் ஹொட்ஜ்டன் ஆயுள்காப்புறுதியை ஈடாக வைத்துக் கடன் எடுத்து, 50,000 இறாத்தல் உபரி மருந்தை வாங்கி, ஒரு பழைய ரயில் பெட்டிக்குள் வைத்து விற்கத் தொடங்கினார். அது 4895 என்ற எண் கொண்ட, படைத் துவக்குத் தோட்டாவுக்குச் செய்த மருந்து. பிறகு 20 மில்லிமீற்றர் பீரங்கிக்குச் செய்த 4831ஐயும் விற்றார். மலிவு, நிறைய இருந்தது, சனம் அள்ளினது. வீட்டில் நிரப்புறவரிடம் தராசு இருக்கும், அச்சடித்த அட்டவணை இருக்கும். அழுத்தம் அளக்கிற குழாய் இருக்காது. அவருக்கு எல்லா டின்னும் ஒன்று போல எரிய வேணும். படை மருந்தோ அப்படிச் செய்யப்பட்டதில்லை.

இதன் உச்சம் 1973இல். உபரி 4831க்குக் கிடைத்த பெயரைப் பார்த்து டூபொன்ற் கம்பனி அதே எண்ணில் புது மருந்தொன்றைச் சந்தைக்கு விட்டது. எண் ஒன்று, எரிவேகம் வேறு: டூபொன்ற்றின் மருந்து ஹொட்ஜ்டன் விற்றதை விட வேகமானது. பழைய மருந்துக்குப் போட்ட அளவைப் புது டின்னிலிருந்து எடுத்துப் போட்டால் துவக்கின் அறையில் அழுத்தம் எல்லை தாண்டும். இன்றைக்கும் கையேடுகளில் இரண்டுக்கும் தனித்தனி அட்டவணை; எண்ணுக்கு முன்னால் நிற்கிற எழுத்தைப் பார்க்காதவருக்குத்தான் ஆபத்து. எங்களுக்கு இதில் கோபம் வருவது விற்றவர்கள் மேல்தான். தெரிந்துகொண்டே ஒரே எண்ணைப் போடுறது என்ன வியாபாரம்?

எங்கட நாட்டில் கையால தோட்டா நிரப்புற பொழுதுபோக்கு இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எதையும் தொட விடாது. ஆனால் கிராமத்தில் இடியன் துவக்கு இருக்குது. பெயரே சொல்லுது, மருந்தை வாயால போட்டு இடிக்கிறது. பன்றிக்கு வைக்கிற கட்டுத்துவக்கும் இருக்குது. அது சட்டவிரோதம், பன்றியை விட வழிப்போக்கரின் காலைத்தான் கூடத் தேடும். எங்கட சத்திரசிகிச்சை வைத்தியர்கள் அந்தக் காயங்களைப் பற்றி ஆய்வுக்கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். அதுக்குள்ள போற மருந்துக்கு லொட்டும் இல்லை, சோதனையும் இல்லை. 1686க்கு முந்தின நிலைமை.

பிறகு 2016 ஜூன் 5. கொழும்பு மாவட்டத்திலேயே, கொஸ்கமவுக்குப் பக்கத்தில் சாலாவ இராணுவ முகாமின் ஆயுதக் கிடங்கு தீப்பிடித்து இரவு முழுக்க வெடித்தது. ஒரு சிப்பாய் இறந்தார், ஆயிரக்கணக்கான சனம் வீட்டை விட்டு ஓடினது. தீ எப்படிப் பிடித்தது என்பது வேறு கதை. ஆனால் புகையில்லாத மருந்து கிடங்கில் கிடக்கும்போதே மெல்ல மெல்லச் சிதையும். அதைத் தடுக்கப் போட்டிருக்கிற சேர்மானம் வெப்பமான நாட்டில் சீக்கிரம் தீரும். அதனால்தான் படைகள் லொட் லொட்டாக எடுத்து மாதிரி சோதித்து, கெட்டதை அழிக்கின்றன. அந்த வேலை நடக்கிறதா என்று கேட்கிற உரிமை கிடங்குக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவருக்கு இருக்க வேணும் என்பது எங்கட எண்ணம்.

வன்னியில் இன்னமும் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்படுகிற செல்லுகளில் துருப்பிடித்து எழுத்தே வாசிக்க முடியாதவை உண்டு. கண்ணிவெடி அகற்றுறவர்கள் அவற்றுக்குப் பெயர் தேடி நேரத்தைப் போக்கடிப்பதில்லை. அப்படியே வைத்து வெடிக்கவைத்து அழிப்பார்கள். பரணில், பழைய றங்குப்பெட்டியில், அப்பப்பாவின் வேட்டைக்காலத் தோட்டா ஏதும் கண்ணில் பட்டால் நீங்களும் பிரித்துப் பார்க்க வேண்டாம். 119க்கு அடியுங்கோ.