செயலிகளுக்கு நடுவே ஓர் அஞ்சலகம்: நிறுவனங்களை இணைக்கும் தகவல் வரிசை

இரவு 11 மணிக்கு ஒரு வாடிக்கையாளர் கடையின் இணையத்தளத்தில் மளிகைப் பொருள்களுக்குப் பணம் செலுத்துகிறார். அந்த நேரத்தில் கிடங்கின் கணினி பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கிறது. விற்பனைச் செயலியும் கிடங்குச் செயலியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும்படி அமைத்திருந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பணம் செலுத்தும் பக்கம் சுற்றிக்கொண்டே நின்றுவிடலாம். அல்லது பணம் கழிக்கப்பட்டு, ஆர்டர் மட்டும் கிடங்கிற்குப் போய்ச் சேராமல் தொலைந்துவிடலாம். இரண்டாவதுதான் மோசமானது. வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும்வரை கடையில் யாருக்குமே அது தெரியாது.

இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் ‘மெசேஜிங் மிடில்வேர்’ எனப்படும் தகவல் இடைமென்பொருள். இது செயலிகளுக்கு நடுவில் இருந்துகொண்டு, ஒன்று தரும் தகவலை வாங்கிப் பத்திரப்படுத்தி, மற்றொன்று தயாரானதும் ஒப்படைக்கிறது. பெயரைப் பார்த்து வாட்ஸ்அப் போன்றது என நினைத்துவிடக் கூடாது. இங்கே பேசிக்கொள்பவை கணினிகள். ஆர்டர், இன்வாய்ஸ், சம்பளப் பதிவு, சரக்கு இருப்பு ஆகியவையே அவை பரிமாறிக்கொள்ளும் தகவல்கள்.

ஆறு செயலிகள், 15 பாதைகள்

எந்த நிறுவனமும் எல்லா மென்பொருள்களையும் ஒரே நாளில் வாங்குவதில்லை. முதலில் கணக்கு வழக்குக்கு ஒன்று வரும். ஊழியர்கள் கூடியதும் சம்பளத்துக்கு ஒன்று, பிறகு கிடங்குக்கு ஒன்று, இணைய விற்பனை தொடங்கும்போது மற்றொன்று. ஒவ்வொன்றையும் செய்தவர் வேறு, காலம் வேறு, தரவைச் சேமிக்கும் முறையும் வேறு. நடுவில் எதுவும் இல்லாதபோது ஊழியர் ஒருவர் ஒரு திரையைப் பார்த்து மற்றொரு திரையில் தட்டச்சு செய்வார், அல்லது மாலையில் எக்செல் கோப்பாக எடுத்து மின்னஞ்சலில் அனுப்புவார். பல நிறுவனங்களில் அந்த ஊழியர்தான் உண்மையான இடைமென்பொருள். அவர் விடுப்பில் போகும் வாரத்தில் அது புரியும்.

செயலிகளை இரண்டிரண்டாக நேரடியாக இணைப்பது அடுத்த வழி. ஆறு செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் 15 பாதைகள் தேவை. செயலிகள் பத்தானால் பாதைகள் 45 ஆகும். எல்லாம் எல்லாவற்றோடும் பேசத் தேவையில்லை என்றாலும், ஒரு செயலியை மாற்றினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாதைகள் அத்தனையையும் திருத்தி எழுத வேண்டும். பழைய மென்பொருளை மாற்ற நிறுவனங்கள் தயங்குவதற்கு அதன் விலையைவிட இந்தச் சிக்கலே பெரும்பாலும் காரணம்.

நடுவில் ஒரு தகவல் வரிசை இருந்தால் ஒவ்வொரு செயலியும் அதனுடன் மட்டும் இணைந்தால் போதும். விற்பனைச் செயலி ‘இந்த ஆர்டர் வந்திருக்கிறது’ என்ற தகவலை வரிசையில் போட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விடும். கிடங்குக் கணினி அதிகாலை நான்கு மணிக்கு விழித்தாலும் ஆர்டர் அங்கே காத்திருக்கும்.

உணவங்காடி நிலையத்தில் மதிய நேரத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். பணம் வாங்குபவர் சமைத்து முடிக்கும்வரை காத்திருப்பதில்லை. எண் ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைக்கிறார். சமைப்பவர் தம் வேகத்தில் வேலை செய்கிறார், எண் மட்டும் உணவையும் ஆளையும் சேர்த்துவைக்கிறது. செயலி ஒருங்கிணைப்பு பற்றி பாபி வுல்ஃபுடன் இணைந்து 2003ல் 65 வடிவமைப்பு முறைகளைத் தொகுத்து நூலாக்கிய கிரெகோர் ஹோப், ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடையை வைத்து இதே கருத்தை விளக்கி எழுதிய கட்டுரை இத்துறையினர் பலருக்கும் தெரிந்தது. அவர் பின்னாளில் சிங்கப்பூர் அரசாங்கத்தின் அறிவார்ந்த தேசத் திட்டத்திலும் வல்லுநராகப் பணியாற்றினார்.

வரிசையில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தகவலை ஒரே ஒரு செயலிதான் எடுக்கும். ‘இந்தப் பொட்டலத்தை அனுப்பு’ என்ற கட்டளையை இரண்டு கிடங்குகள் எடுத்தால் இரண்டு பொட்டலங்கள் போய்விடும் அல்லவா? மற்றொன்று அறிவிப்புப் பலகை போன்றது. ‘ஆர்டர் வந்துவிட்டது’ என்று அறிவித்தால் கிடங்கு, கணக்கு, விநியோகம் என விரும்பிய செயலிகள் எல்லாம் ஆளுக்கொரு பிரதியைப் பெறும். அறிவிப்பவருக்கு யார் கேட்கிறார்கள் என்பதே தெரிய வேண்டியதில்லை. நாளை புதிதாக ஒரு செயலி சேர்ந்தாலும் பழையவற்றைத் தொட வேண்டாம்.

மும்பைக்காரர் செய்த ‘பஸ்’

இந்த அறிவிப்பு முறை பெரிய அளவில் முதலில் வேரூன்றிய இடங்களில் ஒன்று, 1980களின் பங்கு வர்த்தகக் கூடம். வர்த்தகர்களின் மேசையில் தகவல் நிறுவனத்துக்கு ஒன்றாகப் பல திரைகள் இருந்தன. மும்பையில் பிறந்து அமெரிக்காவில் படித்த விவேக் ரணதிவே தமது டெக்னெக்ரான் மென்பொருள் நிறுவனத்தின் மூலம் ‘இன்ஃபர்மேஷன் பஸ்’ என்ற மென்பொருளை உருவாக்கினார். கணினிக்குள் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் மின்தடத்துக்கு ‘பஸ்’ என்று பெயர். மென்பொருள்களுக்கும் அப்படி ஒரு பொதுத் தடம் இருந்தால் என்ன என்பதே அவரது கேள்வி. அந்நிறுவனத்தை 1994ல் ராய்ட்டர்ஸ் வாங்கியது. 1997ல் டிப்கோ உருவானது. அதன் பெயரிலேயே அந்தப் பஸ் ஒளிந்திருக்கிறது.

ஐபிஎம் 1993ல் எம்கியூசீரிஸ் மென்பொருளை வெளியிட்டது. வங்கிகளின் பெருங்கணினிகளையும் சிறிய கணினிகளையும் நம்பகமாக இணைத்த அது, ஐபிஎம் எம்கியூ என்ற பெயரில் இன்றும் புழக்கத்தில் உள்ளது. ஆனால் ஒரு நிறுவனத்தின் வரிசை மென்பொருள் மற்றொன்றுடன் பேசாது. ஒருமுறை வாங்கியவர் அதிலேயே கட்டுண்டார். இந்த நிலையை மாற்ற, 2003ல் ஜேபி மார்கன் சேஸ் வங்கியில் ஜான் ஓஹாரா தொடங்கிய முயற்சியே ஏஎம்கியூபி என்ற பொதுவான நெறிமுறை. விற்பவரின் விதிகளால் களைத்துப்போன வாடிக்கையாளரே தரத்தை எழுத உட்கார்ந்தது மென்பொருள் வரலாற்றில் அடிக்கடி நடப்பதன்று. அதைப் பின்பற்றி 2007ல் ரேபிட்எம்கியூ வந்தது. இலவசமாகக் கிடைக்கும் இம்மென்பொருள், எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய எர்லாங் மொழியில் எழுதப்பட்டது.

லிங்க்ட்இன் நிறுவனத்தில் ஜே கிரெப்ஸ், புனேயில் வளர்ந்த நேஹா நார்கெடே, ஜுன் ராவ் ஆகியோர் உருவாக்கி 2011ல் பொதுவில் வெளியிடப்பட்ட காஃப்கா வேறு வழியில் சென்றது. வழக்கமான வரிசை, அஞ்சல் பெட்டி மாதிரி: கடிதத்தை எடுத்துவிட்டால் பெட்டி காலி. காஃப்கா ஒரு பேரேடு மாதிரி: படித்தாலும் பதிவு அழியாது, நிர்ணயித்த காலம்வரை அப்படியே இருக்கும். புதிதாகச் சேரும் செயலி பழைய பக்கங்களை முதலிலிருந்து புரட்டிப் படித்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூருக்கு இந்தச் சிந்தனை புதிதன்று. இறக்குமதி, ஏற்றுமதி அனுமதிக்கான டிரேட்நெட் 1989 ஜனவரி 1ஆம் தேதி தொடங்கியது. அதற்குமுன் வணிகர்களின் ஆள்கள் தாள்களுடன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினர். டிரேட்நெட் வந்தபின் ஒரே மின்விண்ணப்பம் சுங்கத்துறைக்கும் தொடர்புடைய மற்ற அமைப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தது. நாள்கணக்கில் காத்திருந்த அனுமதி நிமிடங்களில் கிடைத்தது. ஒவ்வோர் அமைப்பும் தன் கணினியைத் தூக்கி எறியவில்லை என்பதே இதில் கவனிக்க வேண்டியது. அவற்றுக்கு நடுவில் செல்லும் தகவலின் வடிவத்தில்தான் எல்லாரும் உடன்பட்டார்கள்.

ஒரே தகவல் இருமுறை வந்தால்?

தகவல் தொலையாது என்ற உத்தரவாதத்துக்கு ஒரு விலை உண்டு. கணக்குச் செயலி ஒரு தகவலை எடுத்து வாடிக்கையாளரின் அட்டையில் 80 வெள்ளியைக் கழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ‘முடித்துவிட்டேன்’ என்று வரிசைக்குச் சொல்வதற்குள் கணினி நின்றுபோகிறது. வரிசையின் பார்வையில் அந்த வேலை இன்னும் முடியவில்லை. ஆகவே கணினி எழுந்ததும் அதே தகவலை மீண்டும் கொடுக்கும். மீண்டும் 80 வெள்ளி கழியும். பிழை வரிசையில் இல்லை. ‘குறைந்தது ஒருமுறையாவது கொடுப்பேன்’ என்பதுதான் பெரும்பாலான இத்தகைய மென்பொருள்கள் தரும் வாக்குறுதி. ‘சரியாக ஒரே ஒருமுறை’ என்று விளம்பரப்படுத்தப்படும் வசதிகளும் அந்த மென்பொருளின் எல்லைக்குள்தான் செல்லும். வெளியே உள்ள வங்கிக்கோ மின்னஞ்சலுக்கோ அந்த உத்தரவாதம் நீளாது.

தீர்வு பெறும் செயலியிடம் இருக்கிறது. ஒவ்வொரு தகவலுக்கும் தனி எண் இருக்க வேண்டும். முடித்த எண்களை அந்தச் செயலி குறித்து வைத்து, அதே எண் மறுபடி வந்தால் ஒன்றும் செய்யாமல் ‘முடிந்தது’ என்று மட்டும் சொல்ல வேண்டும். எளிய வேலைதான். ஆனாலும் சோதனைக் காலத்தில் கணினி நின்றுபோவது அரிது என்பதால், பலர் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள்.

அனுப்பும் பக்கத்திலும் இதேபோன்ற ஒரு பொறி இருக்கிறது. ஆர்டரைத் தன் தரவுத்தளத்தில் எழுதுவது ஒரு வேலை, வரிசையில் போடுவது வேறொரு வேலை. இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் போனால் கடையில் ஆர்டர் இருக்கும், கிடங்குக்குத் தெரியாது. அதனால் அனுபவசாலிகள் ஆர்டரையும் ‘அனுப்ப வேண்டியவை’ என்ற பட்டியலையும் தரவுத்தளத்தில் ஒரே மூச்சில் எழுதுவார்கள். பட்டியலில் இருப்பதை வேறொரு நிரல் எடுத்து வரிசையில் சேர்க்கும்.

தகவல் சேர்ந்தது, பெயர் உடைந்தது

இடைமென்பொருள் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதன் பொருளை இரு பக்கமும் ஒன்றுபோல் புரிந்துகொள்ள வைப்பது அதன் வேலை அன்று. ‘03/04’ என்ற தேதி ஒரு செயலிக்கு ஏப்ரல் 3, மற்றொன்றுக்கு மார்ச் 4.

இதைவிட நெருக்கமான உதாரணம் தமிழர்களின் பெயர். சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’ என்றும் மலேசியாவில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்றும் தந்தை பெயருடன் சேர்த்துப் பதிவான பெயர்கள் ஏராளம். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை மட்டுமே வைத்திருக்கும் மென்பொருளுக்கு இந்த அமைப்பு புரியாது. ஒரு செயலி சாய்கோட்டை நீக்கிவிடும், மற்றொன்று அதை இடைவெளியாக்கும், மூன்றாவது தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கி மகளுக்கு அப்பாவின் பெயரிட்டு மின்னஞ்சல் அனுப்பும். பெயர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் நான்காவது செயலி, ஒரே ஊழியரை மூன்று பேர் என்று முடிவு செய்யும். சம்பளம் ஒருவர் பெயரில், காப்புறுதி வேறொருவர் பெயரில் என்று நின்றால் அதைச் சரிசெய்ய அலைவது அந்த ஊழியர்தான். இத்தனைக்கும் எல்லாத் தகவல்களும் குறையின்றிப் போய்ச் சேர்ந்திருக்கும்.

செயலிகளை இணைக்கும்முன் நிறுவனம் முழுமைக்கும் பொதுவான தகவல் வடிவம் ஒன்றை எழுதிக்கொள்வது இதனால்தான் அவசியமாகிறது. முழுப் பெயரை உடைக்காமல் ஒரே கட்டத்தில் வைப்பதும், ஆளை அடையாளம் காண ஊழியர் எண் அல்லது வாடிக்கையாளர் எண்ணையே நம்புவதும் அதில் முதல் இரண்டு விதிகளாக இருக்கலாம். மென்பொருள் விற்பவர் இதைச் செய்துதர மாட்டார். மனிதவளம், கணக்கு, கிடங்குப் பிரிவினர் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

யாரும் திறக்காத பெட்டி

அஞ்சலகங்களில் முகவரி புரியாத கடிதங்களுக்குத் தனி இடம் இருப்பதுபோல், தகவல் இடைமென்பொருளிலும் ‘டெட் லெட்டர்’ வரிசை உண்டு. எத்தனை முறை முயன்றும் கையாள முடியாத தகவல் அங்கே ஒதுக்கப்படும். இல்லாவிட்டால் பழுதான ஒரே தகவல் பின்னால் உள்ள அனைத்தையும் மறித்து நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பெட்டியை யார், எப்போது திறந்து பார்ப்பது என்று முடிவு செய்யாவிட்டால், முதல் பத்தியில் தொலைந்த ஆர்டர் இங்கேயும் தொலையும். இந்த முறை பத்திரமாகத் தொலையும், அவ்வளவே. பெட்டியில் ஒரு தகவல் விழுந்தாலும் பொறுப்பான ஒருவருக்கு உடனே எச்சரிக்கை போக வேண்டும். அவர் வணிகம் தெரிந்தவராகவும் இருப்பது நல்லது.

எல்லாருக்கும் இந்த ஏற்பாடு தேவையா என்றால், இல்லை. இரண்டு செயலிகள் மட்டுமே உள்ள கடைக்கு நேரடி இணைப்பே போதும். விலை என்ன, கையிருப்பு உண்டா என்று உடனடி பதில் வேண்டிய இடத்திலும் வரிசை பொருந்தாது. நடுவில் ஒரு மென்பொருளை வைத்தால் அதைக் கவனிக்க ஆள் வேண்டும். அது நின்றால் எல்லாமே நிற்கும் என்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட கணினிகளில் இயக்கவும் வேண்டும்.

ஆனால் சிறு நிறுவனங்களும் இதிலிருந்து முழுதாக ஒதுங்க முடியாத காலம் வந்துவிட்டது. மலேசியாவில் ஆண்டு வருவாய் 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்ட் 1 முதல் மின்இன்வாய்ஸ் கட்டாயமாகி, பிறகு படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிந்தது. சிங்கப்பூரில் 2019ல் அறிமுகமான இன்வாய்ஸ்நவ், பொருள், சேவை வரிக்குத் தாமாக முன்வந்து பதிவுசெய்யும் புதிய நிறுவனங்களுக்கு 2025 நவம்பர் 1 முதல் கட்டங்கட்டமாக நடப்புக்கு வந்தது. கணக்கு மென்பொருளிலிருந்து புறப்படும் இன்வாய்ஸ் இடையில் உள்ள சேவை வழங்குநர் வழியாக வாங்குபவருக்கும் வரித்துறைக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு அது. சேவை வழங்குநரைத் தேர்ந்தெடுக்கும் கடைக்காரர் மாதக் கட்டணத்தோடு மூன்றைக் கேட்டுக்கொள்ளலாம்: இணைப்பு அறுந்திருக்கும் நேரத்தில் இன்வாய்ஸ் எங்கே காத்திருக்கும், ஒரே இன்வாய்ஸ் இருமுறை போனால் யார் தடுப்பார், நிராகரிக்கப்பட்டது யார் கண்ணில் படும்.