55 ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கதவு: அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர்களின் மேல்முறையீட்டுப் போராட்டம்

1946 பிப்ரவரி 12. ஐசக் வுட்டார்டு என்ற கறுப்பினப் படைவீரர் ஜார்ஜியாவில் உள்ள ராணுவ முகாமில் பணிவிடுப்பு பெற்று, போட்டிருந்த சீருடையுடனே வீட்டுக்குப் பேருந்து ஏறினார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களத்தில் பணியாற்றியவர். வழியில் ஓட்டுநரோடு ஒரு வாக்குவாதம். தெற்கு கரோலினாவின் பேட்ஸ்பர்க்கில் போலீஸ் அவரை இறக்கி அடித்தது. இரண்டு கண்களும் போயின. அடித்த போலீஸ் தலைவரை, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அரை மணி நேரத்துக்குள் விடுதலை செய்தது.

அதன்பிறகு நடந்ததை அதிகம் பேர் பேசுவதில்லை. முன்னாள் படைவீரர் துறை அவருக்கு முழு ஊன உதவித்தொகை தர மறுத்தது. பணிவிடுப்புக்குச் சில மணி நேரம் கழித்துத்தான் கண்கள் போயின என்பதே அது சொன்ன காரணம்.

சரி, இதை எதிர்த்து நீதிமன்றம் போகலாமே என்று நினைப்பீர்கள். போக முடியாது. பொருளாதார நெருக்கடியில் செலவைக் குறைப்பதற்காக 1933-ல் வந்த சட்டம், அந்தத் துறையின் முடிவே இறுதி, எந்த நீதிமன்றமும் அதை விசாரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. அதே ஆண்டு ஒரு மேல்முறையீட்டு வாரியம் அமைத்தார்கள். ஆனால் அதுவும் அதே துறைக்குள்தான் இருந்தது. மறுத்தவரிடமே போய் முறையிட வேண்டும்!

வழக்கறிஞர் வைக்கவும் வழியில்லை. ஒரு மனுவுக்கு வழக்கறிஞர் 10 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்பது உள்நாட்டுப் போர்க்காலமான 1864-ல் வந்த விதி. பேராசைக்காரர்களிடமிருந்து வீரர்களைக் காக்கிறோம் என்றார்கள். 120 ஆண்டுகள் கழித்தும் அதே 10 டாலர்தான். அந்தக் கூலிக்கு யார் வழக்காடுவார்? 1985-ல் உச்ச நீதிமன்றமும் அந்த விதி செல்லும் என்றது.

இந்த விதிகள் எல்லோருக்கும் பொதுவானவைதான். ஆனால் பொது விதி எல்லோர் மேலும் ஒரே கனத்தில் விழுவதில்லை. உள்நாட்டுப் போரில் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்குப் படையில் போரிட்டார்கள். ஓய்வூதியம் கேட்டபோது பிறந்த தேதிக்கும் திருமணத்துக்கும் சான்று கேட்டார்கள். அடிமையாக வைக்கப்பட்டவருக்குப் பிறப்புப் பதிவு ஏது? அடிமைகளின் திருமணத்தைச் சட்டமே ஏற்கவில்லையே! அக்கம்பக்கத்தாரைச் சாட்சிக்கு அழைத்து, விசாரணை அதிகாரியின் குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி நிரூபிக்க வேண்டியிருந்தது. அந்தப் போரில் உளவாளியாகவும் செவிலியாகவும் உழைத்த ஹாரியட் டப்மனுக்கே 1895-ல்தான் மாதம் 8 டாலர் கிடைத்தது. அதுவும் படைவீரரின் விதவை என்ற பெயரில். 1899-ல் அது 20 டாலர் ஆனது.

20-ஆம் நூற்றாண்டில் மனு எழுத உதவியவை படைவீரர் சங்கங்கள். தெற்கு மாநிலங்களில் அவற்றின் கிளைகளும் கறுப்பினத்தவரை ஒதுக்கின, அல்லது தனிக்கிளையில் வைத்தன. காகிதம் இல்லாதவருக்கு, காகிதம் எழுதித் தருபவரும் இல்லை.

வியட்நாம் போர் வீரர்களின் நெடிய அழுத்தத்துக்குப் பிறகு 1988-ல் சட்டம் மாறியது. துறைக்கு வெளியே தனி நீதிமன்றம் வந்தது. வாரியம் மறுத்த பிறகு நியாயமான கட்டணத்துக்கு வழக்கறிஞர் வைக்கலாம் என்றானது. இரு பக்கச் சான்றுகளும் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்ற விதி ஏட்டில் முன்பே இருந்தது. அதைத் துறை மதித்தே ஆக வேண்டும் என்று இந்த நீதிமன்றம் 1990-ல் அழுத்திச் சொன்னது.

2019 பிப்ரவரி முதல் மனு மறுக்கப்பட்டவருக்கு மூன்று வழிகள் உள்ளன. புதிய, பொருத்தமான சான்றோடு மீண்டும் கேட்கலாம். அதே சான்றுகளை மூத்த அதிகாரி ஒருவர் மறுபடி பார்க்கும்படி கோரலாம். அல்லது நேரே வாரியத்துக்குப் போகலாம். எதுவானாலும் முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் செய்தால்தான் பழைய மனுத் தேதியிலிருந்து பணம் கிடைக்கும். வாரியமும் மறுத்தால் 120 நாட்களுக்குள் நீதிமன்றம் போக வேண்டும்.

கதவு திறந்தது. பாகுபாடு போய்விட்டதா? கறுப்பினப் படைவீரர் அமைப்புகள் அமெரிக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்காடித் துறையின் கணக்குகளை வாங்கின. 2001 முதல் 2020 வரை ஊன உதவித்தொகை கேட்ட கறுப்பினத்தவரில் சராசரியாக 29.5 விழுக்காட்டினர் மறுக்கப்பட்டார்கள். வெள்ளையரில் அது 24.2 விழுக்காடு. இந்தக் கணக்கை முன்வைத்து, வியட்நாம் போரில் பணியாற்றிய கான்லி மங்க் 2022-ல் அரசின் மீது வழக்குத் தொடுத்தார். ஒரே பாதிப்புக்கு ஆளானவர்கள் சேர்ந்து குழுவாக அந்தத் தனி நீதிமன்றத்தில் வழக்காடலாம் என்ற 2017 தீர்ப்பும் அவர் தொடுத்த வழக்கில் வந்ததுதான்.

தோழர்களே, ஒருவரின் மறுப்புக் கடிதத்தில் இனம் என்ற சொல்லே இருக்காது. சான்று போதவில்லை என்று மட்டும் இருக்கும். ஆயிரமாயிரம் கடிதங்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் நிறம் தெரிகிறது. வுட்டார்டு பார்வை இழந்த அதே 1946-ல், அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் படியைக் கேட்டு அண்ணல் அம்பேத்கர் டூபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அவர்களின் மனுக்களை நாம் படிப்பது புதிதல்ல.

நிவாரணமோ, பட்டாவோ, கல்வி உதவித்தொகையோ, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தின் தேதியைக் குறித்து வையுங்கள். உங்கள் ஊரில் மறுக்கப்பட்ட மற்றவர்களின் கடிதங்களையும் சேருங்கள். நமக்கும் 2005 முதல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது.