தூசியால் மறைக்கப்பட்ட விண்மீன் உருவாக்கம்

தூசியால் மறைக்கப்பட்ட விண்மீன் உருவாக்கம் என்பது, ஒரு பேரடையில் புதிதாகப் பிறக்கும் விண்மீன்களின் ஒளியை அவற்றைச் சூழ்ந்துள்ள அண்டத்தூசி உட்கவர்வதால், கண்ணுறு ஒளியில் அப்பேரடை மங்கியோ முற்றிலும் புலப்படாமலோ போகும் நிலையாகும். எனவே, ஒளிப்படங்களை மட்டும் நம்பிப் பேரண்டத்தில் எப்பொழுது எவ்வளவு விண்மீன்கள் உருவாயின என்று கணக்கிட்டால், விடை குறைவாகவே கிடைக்கும்.

மறைக்கும் முறை

அண்டத்தூசி வீட்டுத்தூசி போன்றதன்று. கார்பன், சிலிக்கேட்டு ஆகியவற்றாலான இத்துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டரினும் சிறியவை. அளவில் புகைத்துகளோடு ஒப்பிடத்தக்கவை. விண்மீன்கள் பிறக்கும் முகில்களிலேயே இவை செறிந்துள்ளன. நிறை மிகுந்த இளம் விண்மீன்கள் பெருமளவில் புறஊதாக் கதிர்களை உமிழ்கின்றன. தூசி மிகுதியாக உட்கவர்வதும் அக்கதிர்களையே. எனினும் ஆற்றல் அழிவதில்லை. துகள்கள் சில பத்துக் கெல்வின் வெப்பநிலையை அடைந்து, பெற்ற ஆற்றலைத் தொலை அகச்சிவப்புக் கதிர்களாக வெளியிடுகின்றன. தொலைதூரப் பேரடைகளிலிருந்து வரும் இக்கதிர்கள், அண்டம் விரிவதால் அலைநீளம் கூடி, மில்லிமீட்டரை நெருங்கும் அலைகளாகப் புவியை அடைகின்றன. வளிமண்டல நீராவி இவற்றைத் தடுக்குமாதலால், உயரமான வறண்ட மலைகளிலிருந்தே நோக்க இயலும்.

எச்டிஎஃப் 850.1

1995 டிசம்பரில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி, பெருங்கரடி விண்மீன் குழாமில் ஒரு சிறு பகுதியைப் பத்து நாட்கள் படம்பிடித்தது. அதில் ஏறத்தாழ 3,000 பேரடைகள் தெரிந்தன. அவாயித் தீவின் மௌனா கியா மலையிலுள்ள ஜேம்ஸ் கிளார்க் மாக்சுவெல் தொலைநோக்கி அதே பகுதியை 850 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஆராய்ந்தது. 1998இல் வெளியான முடிவில் ஐந்து மூலங்களே இருந்தன. அவற்றுள் மிகப் பொலிவானதாகிய எச்டிஎஃப் 850.1, ஹபிள் படத்தில் தென்படவேயில்லை.

ஒளியில் காணமுடியாத பொருளின் தொலைவை அளப்பது எளிதன்று. 2012இல்தான், பிரான்சின் ஆல்ப்சு மலையிலுள்ள பிளாட்டோ டி பூர் குறுக்கீட்டுமானியின் துணையுடன், அதன் செம்பெயர்ச்சி 5.18 என உறுதியானது. அதாவது, அண்டத்தின் வயது ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளாக இருந்தபோது புறப்பட்ட கதிர்கள் அவை. அங்கு ஆண்டுக்குச் சுமார் 850 சூரிய நிறை அளவில் விண்மீன்கள் உருவாகிக்கொண்டிருந்தன (பெயரிலுள்ள 850 அலைநீளத்தைக் குறிக்கிறது, எண்கள் ஒத்திருப்பது தற்செயலே). நமது பால்வழியில் இது ஆண்டுக்கு ஓரிரு சூரிய நிறை மட்டுமே. பின்னர் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, இப்பேரடையின் விண்மீன் ஒளியை அகச்சிவப்பில் கண்டறிந்தது.

அண்ட வரலாற்றில்

விண்மீன் உருவாக்கம் ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உச்சத்திலிருந்தது. அக்காலத்து உருவாக்கத்தின் பெரும்பகுதி தூசிக்குள்ளேயே நிகழ்ந்தது. தூசியை ஆக்குபவையும் விண்மீன்களே என்பதால், மிகத் தொடக்கக் காலப் பேரடைகளில் அது குறைவாக இருந்திருக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் எச்டிஎஃப் 850.1 போன்றவை, சில இடங்களிலேனும் அது மிக விரைவில் சேர்ந்துவிட்டதைக் காட்டுகின்றன.