முட்டுக்கட்டையும் கரும்பொன்னும்

முட்டுக்கட்டை என்னும் சொல் இடையூறு என்ற பொருளிலேயே இன்று பெருவழக்காக வழங்குகிறது. தேர்த்தொழிலில் அதன் பொருள் வேறு. திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேர் ஓடுங்கால், சக்கரத்தின்கீழ்க் கட்டையிட்டு ஓட்டத்தை அடக்குவோரே வடம் பிடிப்போர்க்கெல்லாம் காவலராவர். இமைப்பொழுது பிந்தினும் அவர்தம் கையோ காலோ சக்கரத்தின்கீழ்ப் படும். மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே எழும் உராய்வொன்றே அவர்கள் நம்பியது.

பின்னர் அத்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் தடையும் பொருத்தப்பட்டன. தேரை நிறுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு மரத்தினின்றும் இரும்புக்கு மாறிற்று. அம்மாற்றத்தை இவ்வட்டாரத்து மக்கள் முன்னரே புகைவண்டியிற் கண்டனர். 1927இல் திறக்கப்பெற்ற விருதுநகர் – தென்காசி இருப்புப்பாதை திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் ஊடுருவிச் செல்வது. பழைய வண்டிகளில் சக்கரத்தை அழுத்தி நிறுத்தியது வார்ப்பிரும்புக் கட்டையே. அதுவும் ஒரு முட்டுக்கட்டை எனலாம்.

இரும்பு எவ்வாறு தடையாகிறது? தாதுவின் சிறப்பே இரும்பின் சிறப்பு என்று எழுதுவோர் நம்மிடையே பலர். உராய்வைப் பொறுத்தவரை அது பொருந்தாது. வார்ப்பிரும்பில் 3 விழுக்காடளவு கரி உண்டு. அதிற் பெரும்பகுதி காரீயத் தகடுகளாய் நின்று, பற்றிப் பிடிக்காமற் காத்து, வெப்பத்தையும் கடத்துகிறது. பாஸ்பரசின் செய்தி இன்னும் வியப்புடையது. கொழுவிலோ கோடரியிலோ அது மிகின் குளிரில் இரும்பு நொறுங்கும். ஆகவே கொல்லர்க்கு அது பெருங்குற்றம். தடைக்கட்டையிலோ ஏறக்குறைய 1 விழுக்காடு சேர்ந்தால் கடினமானதொரு கூட்டுப்பொருள் தோன்றித் தேய்மானம் குறையும், தீப்பொறியும் அடங்கும்.

இரும்பிற் பிற தனிமங்களைக் கலக்கும் இக்கலையின் வரலாற்றில் தமிழகத்துக்கும் தொடர்புண்டு. கும்பினியின் சென்னை மாகாணப் பணியிலிருந்த சோசையா மார்சல் ஹீத், சேலத்துக் காந்தக்கல்லை உருக்கப் பரங்கிப்பேட்டையில் 1830இல் ஆலை நிறுவினார். பின்னர் இங்கிலாந்து மீண்டு, உருகும் எஃகில் கரியோடு கூடிய மாங்கனீசை 1 முதல் 3 விழுக்காடு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். மாங்கனீசு கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அதன் தீமையை ஒழிக்கும். விலைகுறைந்த இரும்பும் நல்லெஃகாயிற்று. செபீல்டு நகரத்தார் அம்முறையைச் சிறிது மாற்றி, மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையிலிட்டனர். உரிமைத்தொகை தர மறுத்தனர். அவருடைய முகவராயிருந்த அன்வினே வழக்கில் எதிரியானார். ஹீத் 1851இல் மறைந்தார். 1855இல் பிரபுக்கள் அவை அவர் தரப்புக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. மூசைக்குள் அவ்விரண்டும் கூடி ஆவது அவர் சொன்ன பொருளே என்பதை நோக்க, அத்தீர்ப்பு சொல்லைப் பற்றியதேயன்றிப் பொருளைப் பற்றியதன்று என்பது எம் கருத்து.

இக்காலத்தில் இரும்புத்தூளோடு செம்பு, காரீயம், மணற்சத்து முதலியவற்றைக் கலந்து அழுத்திச் சுட்டு உராய்வுப் பொருள் ஆக்குகின்றனர். செம்பு வெப்பத்தைக் கடத்தும். காரீயம் பிடிப்பைத் தணிக்கும். சீனத்தில் டைட்டேனியம் கலந்த காந்தக்கல்லையே கரியோடு சுட்டு, உருக்காமலே அத்தகைய பொருளாக்கும் ஆய்வுகளும் நிகழ்ந்துள்ளன. அங்கே டைட்டேனியம் கரியோடு கூடிக் கடுந்துகளாய் இரும்பினுள்ளேயே நின்றுவிடுகிறது. சேலத்துக் கஞ்சமலைத் தாதில் இரும்போடு விரவிக் கிடப்பது வெண்படிகக்கல். அதனை உருக்காலையார் கசடென ஒதுக்கினர். உராய்வுப் பொருள் செய்வோரோ, பிடிப்பு மிகும்பொருட்டு, அம்மணற்சத்தையே நிறுத்து அளந்து சேர்க்கின்றனர்.