கடைசிப் பிரதம மந்திரி

சென்னை மாகாணத்துக்கென்று தனியாக ஒரு பிரதம மந்திரி இருந்தார் என்று இன்று சொன்னால் கேட்பவர்கள் சற்றுச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஆனால் 1937-இல் ராஜாஜி அமர்ந்ததும், 1946-இல் பிரகாசம் அமர்ந்ததும் அந்தப் பட்டத்தோடுதான். 1950 ஜனவரி 26 அன்று அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பெயர் போய், முதலமைச்சர் என்பது நிலைத்தது. பெயர் மாறிய அன்று நாற்காலியில் இருந்தவர் ராஜபாளையத்துக்காரரான பூ. ச. குமாரசுவாமி ராஜா. ஆக, சென்னையின் கடைசிப் பிரதம மந்திரியும் முதல் முதலமைச்சரும் அவரே. அவருக்கு முன் இருந்த ஓமந்தூராருக்கும் பின் வந்த ராஜாஜிக்கும் இடையில் ஒரு வரியில் கடந்து போகப்படுகிறவர். காமராஜர் உட்கார வைத்த ஆள், இடைக்கால ஏற்பாடு என்பதே பொதுவான மதிப்பீடு. அந்த மதிப்பீடு பாதிதான் சரி. ஆட்சித் தலைவர் எப்போது மாற்றப்படுகிறார், எப்போது தப்பிக்கிறார் என்ற கேள்விக்கு அவருடைய மூன்று ஆண்டுகளைப் போல விடை தரும் காலம் நம் மாகாண வரலாற்றில் வேறு இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் அவருக்கு முன்னால் இருந்த மூன்று ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். 1946 தேர்தலில் காங்கிரஸ் பெரும்பான்மையோடு வந்தது. காந்தியும் கட்சி மேலிடமும் ராஜாஜியை விரும்பினார்கள். சட்டமன்றக் கட்சி ஒப்பவில்லை. காமராஜர் அணி முத்துரங்க முதலியாரை நிறுத்த, பிரகாசம் 82-க்கு 69 என்ற கணக்கில் வென்றார். அப்படி வந்தவருக்கு முதல் நாளிலிருந்தே காலடியில் மண் சரிந்துகொண்டிருந்தது. கதரை வளர்ப்பதற்காகப் புதிய நூற்பாலைகளுக்கும் கூடுதல் கதிர்களுக்கும் அனுமதி இல்லை என்று அவர் எடுத்த முடிவு ஆலைக்காரர்களைக் கொதிக்க வைத்தது. பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கி அப்போது பத்து ஆண்டுதான் ஆகியிருந்தது. ஆலைச் சங்கின் ஓசைக்கு விழிக்கத் தொடங்கியிருந்த ஓர் ஊருக்கு இந்தக் கொள்கை எவ்வளவு நெருக்கமான விவகாரம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் பிரகாசம் வீழ்ந்தது ஆலைக் கொள்கையால் மட்டும் என்று எழுதினால் தவறாகும். காமராஜர் அணியும், ராஜாஜியின் ஆதரவாளர்களும், ஆந்திரத்தில் அவருக்கு ஆகாதவர்களும் ஒரே பக்கம் சேர்ந்த நாளில்தான் அவர் கணக்கு முடிந்தது. 1947 மார்ச்சில், பதவியேற்று ஓராண்டு நிறையுமுன், அவர் வெளியேறினார்.

அடுத்து வந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரைப் பற்றிக் குறை சொல்லத் தேடித்தான் பார்க்க வேண்டும். கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்புச் சட்டம் எல்லாம் அவர் காலத்தவை. அரசுச் சின்னத்தில் கோபுரம் ஏறியதும் அவர் ஆட்சியில்தான். அது ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோபுரமா, மதுரை மீனாட்சியம்மன் கோயில் மேலக் கோபுரமா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் மதுரை என்று சொல்லிவிட்டுப் பால்கோவா வாங்கிக்கொண்டு திரும்ப முடியாது. இத்தனை செய்தவர் ஏன் இரண்டு ஆண்டில் போனார்? சிபாரிசோடு வரும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அவர் மசியவில்லை. உத்தியோக நியமனங்களில் பிராமணரல்லாதாருக்குச் சாய்கிறார் என்று ஒரு தரப்பு புழுங்கியது. கட்சி அமைப்பைக் கையில் வைத்திருந்த காமராஜரின் ஆதரவும் நழுவியது. 1949 ஏப்ரலில் அவர் விலக, ஏப்ரல் 6 அன்று குமாரசுவாமி ராஜா பதவியேற்றார்.

இதன் பிறகு மூன்று ஆண்டுகள் நாற்காலி கைமாறவில்லை. அமைதியான காலமாக இருந்ததால் மாறவில்லை என்று நினைத்தால் பதிவுகள் அதை மறுக்கும். 1949-இல் கம்யூனிஸ்ட் கட்சி மாகாணத்தில் தடை செய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11-இல் சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்து கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு இடஒதுக்கீட்டுக்கான வகுப்புவாரி உத்தரவு உயர் நீதிமன்றத்தில் அடிபட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்ய, அரசியல் சாசனத்துக்கு முதல் திருத்தம் வர நேர்ந்தது. இவற்றுக்கெல்லாம் அடியில் மழை பொய்த்த ஆண்டுகள், ரேஷன் கடை, அரிசிப் பஞ்சம். ஒரு தலைவரை இறக்க இவற்றில் ஏதாவது ஒன்றே போதுமான சாக்கு. நல்ல சட்டங்கள் செய்த ஓமந்தூரார் இறக்கப்பட்டார். இத்தனை இடி விழுந்த குமாரசுவாமி ராஜா இருந்தார். எனில், ஆட்சியின் தரத்துக்கும் தலைவர் மாற்றத்துக்கும் நாம் கற்பிக்கிற உறவு இங்கே பொருந்தவில்லை. அடுத்தவர் யார் என்பதில் அணிகள் ஒத்துப்போகிறபோது மாற்றம் வருகிறது. ஒத்துப்போகாதபோது எவ்வளவு மோசமான நாளிலும் வருவதில்லை. குமாரசுவாமி ராஜாவுக்குச் சொந்த அணி கிடையாது. அவரைத் தள்ளினால் அந்த இடத்தில் தனக்கு ஆகாதவன் உட்கார்ந்துவிடுவானோ என்ற பயம் எல்லா அணிக்கும் இருந்திருக்க வேண்டும். பலவீனமே அவருக்குக் கவசமாயிற்று.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு: காமராஜர் பின்னால் நின்றார், அவ்வளவுதான், இதில் ஆராய என்ன இருக்கிறது என்பார்கள். காமராஜரின் விருதுநகரும் குமாரசுவாமி ராஜாவின் ராஜபாளையமும் அன்று ஒரே ராமநாதபுரம் ஜில்லா. இருவரும் சத்தியமூர்த்தியின் வழியில் வந்தவர்கள். நெருக்கம் உண்மை. ஆனால் அது பாதிதான். 1946-இல் காமராஜர் நிறுத்திய முத்துரங்க முதலியார் தோற்றார் என்பதை மறக்கக் கூடாது. கட்சித் தலைமை கையில் இருந்தும் தன் ஆளை உட்கார வைக்க முடியாத காமராஜர், மூன்று ஆண்டு கழித்து எப்படி முடித்தார்? ஆந்திரர், மலையாளி, ராஜாஜி ஆதரவாளர் ஆகிய யாரும் அதிகம் முகம் சுளிக்காத பெயரைத் தேர்ந்தெடுத்ததால்தான். வீட்டில் தெலுங்கு பேசும் தமிழ்நாட்டு ராஜு வகுப்பினர் ஒருவர், தெலுங்கர் பெருமளவில் இருந்த சட்டமன்றத்தில், அப்படிப்பட்ட பெயராக இருந்ததில் வியப்பில்லை. பிரிட்டனில் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1990-இல் தன் கட்சியாலேயே வெளியேற்றப்பட்டார். அடுத்து ஜான் மேஜர் வந்ததற்கும் அவரை யாரும் அதிகம் வெறுக்காததே ஒரு காரணம். நம் மாகாணத்திலேயே 1932-இல் முனுசாமி நாயுடுவை இறக்கி பொப்பிலி ராஜாவை ஏற்றியது அவர்களுடைய ஜஸ்டிஸ் கட்சிக்குள் நடந்த வேலைதான். ஜனங்களின் பங்கு இவற்றில் எங்கும் இல்லை.

ஜனங்களின் முறை 1952-இல் வந்தது. முந்தைய தேர்தல்களில் சொத்தோ படிப்போ உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. இது வயது வந்த எல்லோருக்குமானது. கட்சிக்குள் யாரும் அசைக்காத குமாரசுவாமி ராஜா, ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். சொந்த ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில், தன்னை நன்றாக அறிந்தவர்களிடம் தோற்றார். பக்தவத்சலம், கோபால ரெட்டி, மாதவ மேனன் என்று அவருடைய மந்திரிகளும் வரிசையாக விழுந்தார்கள். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. பஞ்சமும் ரேஷனும்தான் காரணம், ஆளைப் பார்த்து யாரும் ஓட்டுப் போடவில்லை என்று சொல்லலாம். நானும் பெரும்பாலும் ஒப்புவேன். ஆனால் அந்தப் பஞ்ச காலத்தில் பொறுப்பை மாற்றிக் கேட்க வேறு வழி இல்லாமல் மூன்று ஆண்டு காத்திருந்தவர்களின் ஓட்டு அது. கட்சி தன் உள்கணக்கால் ஒத்திவைத்ததை அவர்கள் ஒரே தேர்தலில் செய்தார்கள்.

அதோடு முடிந்திருந்தால் கதை நேராக இருந்திருக்கும். ஆனால் தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேல்சபைக்கு நியமித்தார். 1952 ஏப்ரல் 10-இல் அவர் முதலமைச்சரானார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு இறக்கிய நாற்காலியில் யார் ஓட்டும் வாங்காதவர் அமர்ந்தார். இரண்டே ஆண்டில் குலக்கல்வித் திட்டத்துக்கு எதிராக எழுந்த புயலில் அவரும் விலகினார். 1954-இல் சட்டமன்றக் கட்சி சி. சுப்பிரமணியத்தைத் தோற்கடித்துக் காமராஜரைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பரபரப்பெல்லாம் நடந்தபோது குமாரசுவாமி ராஜா ஒடிசாவில் ஆளுநராக இருந்தார். 1957 மார்ச்சில் காலமானார். ராஜபாளையத்தில் அவர் கொடுத்த வீடு காந்தி கலை மன்றமாக இருக்கிறது.