நெடுஞ்சாலையும் நட்சத்திர உணவகமும்

பிரான்ஸில் கார்கள் அரிதாக இருந்த 1900-ஆம் ஆண்டில், கிளெர்மோன் ஃபெரான் நகரில் டயர் தயாரித்துவந்த மிஷலின் சகோதரர்கள், பழுதுபார்ப்புக் கூடங்களையும் விடுதிகளையும் தொகுத்த கையேடொன்றை இலவசமாக வழங்கினர். மக்கள் நெடுந்தூரம் ஓட்டினால்தான் டயர் விற்கும் என்ற வணிகக் கணக்கே அதன் வேர். 1926-இல் நல்ல உணவைச் சுட்டும் நட்சத்திரக் குறி வந்தது. 1930-களில் அது மூன்று படிகளாக விரிந்தபோது, மூன்று நட்சத்திரம் என்பது அந்த உணவுக்காகவே தனிப் பயணம் செல்லலாம் என்பதைக் குறித்தது. பாரிஸிலிருந்து மத்தியதரைக் கடலோரம் செல்லும் ஏழாம் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த லியோன் நகருக்குப் பயணிகளை ஈர்த்தவர்கள், ‘மேர்’ (அன்னை) என மதிப்புடன் அழைக்கப்பட்ட சமையற்காரப் பெண்களே எனலாம். அவர்களுள் முன்பு வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்த எழேனி பிரசியே, 1933-இல் தம் இரு உணவகங்களுக்கும் மூன்று நட்சத்திரம் பெற்றது பெருஞ்சாதனை. பயணிகளின் வட்டமும் விரிந்தது: 1936-இல் பிரான்ஸில் ஊதியத்துடன் கூடிய இருவார விடுப்பு சட்டமானபின், தொழிலாளர் குடும்பங்களும் கடலோர விடுமுறையை நாடத் தொடங்கின.