பேஸ் வாசித்தது யார்?

ராக் இசை கேட்கும் யாரிடமாவது பிடித்த கிட்டார் கலைஞர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மடமடவென்று பத்து பெயர் சொல்வார்கள். பேஸ் கிட்டார் என்று கேட்டால்? பால் மெக்கார்ட்னி, அப்புறம்... கொஞ்சம் யோசனைதான். அதிலும், குழுவில் ஆளாக இல்லாமல் கூலிக்கு வந்து வாசித்துவிட்டுப் போனவர்கள் பெயர் சுத்தமாக வராது. இவர்களைத்தான் செஷன் கலைஞர்கள் என்கிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு பேரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1960களில் லாஸ் ஏஞ்சலஸிலும் சரி, லண்டனிலும் சரி, ஒரு செஷன் என்பது பொதுவாக மூன்று மணி நேரம். இசைக்கலைஞர் சங்கம் நிர்ணயித்த சம்பளம். காலையில் ஒரு விளம்பரப் பாட்டு, மதியம் ஒரு சினிமா, இரவு ஒரு ராக் ஆல்பம் என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். பாட்டு ஹிட் ஆனால் பாடகருக்குப் புகழ், எழுதியவருக்கு ராயல்டி. வாசித்தவர் அதற்குள் அடுத்த ஸ்டூடியோவில் இருப்பார்.

பேஸை நம் தம்புரா மாதிரி பின்னால் நிற்கும் சுருதி என்று நினைத்துவிடக் கூடாது. மேலே இருக்கும் மெட்டு அப்படியே இருக்க, கீழே பேஸ் ஒரு சுரம் மாறினால் பாட்டின் முகமே மாறிவிடும். இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் தி பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன். வேடிக்கை என்னவென்றால், மேடையில் அந்தக் குழுவின் பேஸ் கலைஞராக இருந்தவரே அவர்தான். ஆனால் 1966இல் வெளிவந்த 'பெட் சவுண்ட்ஸ்' ஆல்பத்துக்கு, அவர் பெரும்பாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று மற்றவர்களை வாசிக்க வைத்தார். அவர்களில் ஒருவர் கேரல் கே.

1935இல் பிறந்த கேரல் கே அடிப்படையில் ஜாஸ் கிட்டார் கலைஞர். 1963இல் ஒரு ஒலிப்பதிவுக்கு வரவேண்டிய பேஸ் கலைஞர் வரவில்லை. இவர் கையில் பேஸைக் கொடுத்தார்கள். அதன் பிறகு அதுவே அவர் வாழ்க்கை ஆகிவிட்டது. ஆண்களே நிறைந்த அந்த ஸ்டூடியோக்களில் அநேகமாக ஒரே பெண் இவர்தான். விரலால் வாசிக்காமல் பிக் வைத்து வாசிப்பார். தந்திகளின் மேல் கம்பளித் துண்டு ஒன்றை வைத்து அதிர்வை அடக்குவார். அதனால் ஒவ்வொரு சுரமும் குழப்பமில்லாமல், கட்டையாக, 'டொக்' என்று விழும். அந்தக் காலத்துக் கார் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரில்கூட பேஸ் கேட்டது என்றால் இந்த மாதிரி வேலைதான் காரணம்.

'ஸ்லூப் ஜான் பி' பாட்டைக் கவனித்துக் கேளுங்கள். அதில் இரண்டு பேஸ்கள் இருக்கின்றன. லைல் ரிட்ஸ் பெரிய மர பேஸை வாசிக்க, கேரல் கே எலெக்ட்ரிக் பேஸை வாசிக்கிறார். ஒன்று உடம்பு, இன்னொன்று விளிம்பு. 'பெட் சவுண்ட்ஸ்' பேஸ் வரிகள் வில்சனுடைய கற்பனை என்று கேரல் கேயே சொல்லியிருக்கிறார். ஆனால் காகிதத்தில் இருக்கும் சுரத்துக்குத் தொனியும் காலப்பிரமாணமும் கிடையாதே! அவற்றைக் கொடுத்தவர்கள் பெயர் அன்றைய ஆல்பத்தின் உறையில் இல்லை.

இரண்டாமவர் லண்டனைச் சேர்ந்த ஹெர்பி ஃப்ளவர்ஸ் (1938–2024). லூ ரீடின் 'டிரான்ஸ்ஃபார்மர்' ஆல்பம் 1972இல் வந்தது. தயாரிப்பு டேவிட் போவியும் மிக் ரான்சனும். அதில் வரும் 'வாக் ஆன் தி வைல்ட் சைட்' பாட்டின் தொடக்கத்தில் மாறி மாறி வருவது இரண்டே இரண்டு கார்டுகள்தான். ஃப்ளவர்ஸ் மர பேஸை எடுத்து அந்த இரண்டுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு போனார். பிறகு அதே வரியை எலெக்ட்ரிக் பேஸில், உயரே வாசித்து மேலே சேர்த்தார். கீழே ஸட்ஜம் என்றால் மேலே அடுத்த ஸ்தாயியின் காந்தாரம். லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு பேர் செய்ததை இங்கே ஒரே ஆள் செய்தார். பாடகர் வாயைத் திறக்கும் முன்பே பாட்டு இன்னது என்று தெரிந்துவிடுகிறது!

ஏன் இரண்டு வாத்தியம் என்று கேட்டவர்களிடம், இரண்டு வாசித்தால் இரட்டைச் சம்பளம் என்று ஃப்ளவர்ஸ் சிரித்துக்கொண்டே சொல்லுவார். மொத்தமாகக் கிடைத்தது 17 பவுண்டு என்பது பலமுறை சொல்லப்பட்ட கணக்கு. அமெரிக்காவில் முதல் 20 இடத்துக்குள் போன ஒரே லூ ரீட் பாட்டு இதுதான். 1990இல் 'எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட்' என்ற ராப் குழு அந்த பேஸ் வரியை எடுத்துத் தங்கள் பாட்டுக்கு அடித்தளமாக வைத்தது. அதற்கான பணம் பாட்டை எழுதிய லூ ரீடுக்குப் போனது. இத்தனைக்கும் ராப் குழு எடுத்தது ரீடின் வார்த்தைகளை அல்ல, ஃப்ளவர்ஸின் வரியைத்தான்.

என்னைப் பொறுத்தவரை விஷயமே இங்கேதான் இருக்கிறது. மெட்டும் வார்த்தையும்தான் 'பாட்டு', மற்றதெல்லாம் 'வாசிப்பு' என்று கோடு போட்டுவிட்டார்கள். மூன்று மணி நேரக் கூலிக்கு வந்தவர் அந்தக் கோட்டைத் தாண்டி எதையாவது உருவாக்கினால், அதற்குக் கணக்கில் இடம் இல்லை. ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது, ஒப்பந்தம் அப்படி. ஆனால் நியாயமா என்றால், இல்லை.

மரியாதை பின்னால் வரத்தான் செய்தது. 2025இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கேரல் கேயைத் தேர்ந்தெடுத்தது. அவரோ விழாவுக்கு வரமாட்டேன் என்று அறிவித்துவிட்டார். தங்கள் கூட்டத்துக்குப் பிற்பாடு ஒட்டப்பட்ட 'ரெக்கிங் க்ரூ' என்ற பட்டப்பெயரே அவருக்குப் பிடிக்காது. ஸ்டூடியோ கலைஞர்களின் வேலையை அந்த விருது சரியாகக் காட்டவில்லை என்பது அவர் கருத்து. அறுபது வருஷம் கழித்து வரும் மாலையை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு.

நாம் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அடுத்த முறை இந்தப் பாட்டுகளை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். குரலை விட்டுவிட்டு, கீழே நடப்பதை மட்டும் கடைசிவரை பின்தொடருங்கள். பிறகு அதை வாசித்தது யார் என்று தேடிப் பாருங்கள்.